துரைக்கல்லில் எழுதியிருந்தது

ஓசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகிற சாலையில், உத்தனப்பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் ஊர் வண்டிப்பாதை வந்து சேரும் இடத்தில் ஒரு கல் நின்றிருந்தது. மைல்கல்லைவிட உயரம். ஒன்பது வயதில் என் நெஞ்சு வரைக்கும் வரும். அதன் முகத்தில் இங்கிலீஷ் எழுத்துகள் வெட்டியிருந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் ஊரில் ஒருவரும் கிடையாது. தந்தி வந்தாலே யாரோ செத்துவிட்டார்கள் என்று பிரிக்காமலேயே ஒப்பாரி வைக்கிற காலம் அது. இங்கிலீஷில் எழுதியிருப்பது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று ஊர் எப்போதோ முடிவுகட்டிவிட்டது.

கல்லுக்கு அடியில் ஒரு வெள்ளைக்காரத் துரை புதைந்திருக்கிறான் என்றார்கள். மைசூர்ச் சண்டையில் சாப்பாட்டு வேளைக்கு முன்னால் செத்தவன். அதனால் அவனுக்குப் பசி தீரவில்லை. உச்சிப் பொழுதில் எழுந்து உட்கார்ந்து, வயலுக்குச் சோறு கொண்டுபோகிற பெண்களைப் பார்த்துக் கை நீட்டுவான். கொடுக்காமல் போகிறவளைப் பிடித்துக்கொள்வான். இதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் கூடையை இறக்கிக் களியில் ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளிக் கல்லின் தலையில் அப்பிவிட்டுத்தான் மேலே நடப்பார்கள். வருடக் கணக்கில் பூசிய எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் எழுத்தின் பாதியை மூடியிருந்தன.

எனக்கு அந்தக் கல்லிடம் இருந்த பயத்தை இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கும். எங்கள் கொள்ளுக்காடு சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிற நாளெல்லாம் கல் கண்ணில் படுமுன்பே ஒரு கிள்ளுக் களியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன். களியை அப்பும்போது கல் வெயிலில் சூடேறியிருக்கும். அது துரையின் உடம்புச் சூடு என்று நினைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடுவேன். ஒருமுறை தடுக்கி விழுந்து முழங்கால் தோல் பெயர்ந்தது. எழுந்திருக்கக்கூடப் பயந்து, தவழ்ந்தே சாலையைக் கடந்தேன்.

அந்த வருஷம் எங்கே பார்த்தாலும் எல்லைப் பேச்சுதான். பாஷையை வைத்து ராஜ்யம் பிரிக்கிறார்கள், எந்த ஊர் மைசூருக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று பெரியவர்கள் மூன்று பாஷையில் வாக்குவாதம் செய்தார்கள். என் அக்காவை அதற்கு முந்தின வைகாசியில்தான் மைசூர்ச் சீமையில் ஆனேக்கல் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள்தான். இரண்டு ஜோடி மாடும் தோட்டத்துக் கிணறும் உள்ள குடும்பம். அக்காவுக்குப் பதினேழு வயது. அவள் போனதிலிருந்து வீட்டில் எனக்குத் தலை பின்ன ஆளில்லை. கல்யாணத்தைப் பற்றி என்னுடைய குறை அவ்வளவுதான்.

பொங்கலுக்கு அக்காவை அப்பா போய் அழைத்து வந்தார். மெலிந்திருந்தாள். காலையில் பனி மூடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, யாரும் சொல்லாமலே வாசல் பெருக்கி, சாணி அள்ளி, தண்ணீர் இழுத்தாள். "இது உன் மாமியா ஊடு இல்லடி, செத்த உக்காரு" என்று அம்மா சொன்னால் சட்டென்று உட்காருவாள். யாராவது நடக்கிற சத்தம் கேட்டால் எழுந்துவிடுவாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வேண்டுமென்றே தொம் தொம்மென்று காலை வைத்து நடந்து, அவள் எழுந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தேன்.

மாட்டுப் பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் அவள் மாமியாரும் புருஷனும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியபோது உச்சிப் பொழுது. சாலை வரைக்கும் வழியனுப்பவென்று அம்மா வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தாள்; நானும் வண்டியில் ஏறி, பின்னால் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் உள்ளங்கை குளிர்ந்து ஈரமாக இருந்தது.

வண்டி கல்லுக்கு நேராக வந்ததும் அந்தக் கை விறைத்தது. என்னவென்று நான் திரும்புவதற்குள் அக்கா வண்டியின் பின்பக்கமாகச் சாலையில் விழுந்தாள். பல் கிட்டித்துக்கொண்டது. கண் மேலே செருகியது. அவிழ்ந்த தலைமயிர் புழுதியில் புரண்டது. அம்மா ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டபோது அக்கா வாயைத் திறந்தாள். வந்தது அவள் குரல் இல்லை. தடித்த, ஆண்பிள்ளைக் குரல்.

"இவ எனக்குச் சோறு வெக்காம போறா. என் கல்லத் தாண்டினா ரத்தம் கக்குவா."

வண்டியில் உட்கார்ந்தபடியே நான் நனைத்துக்கொண்டேன். அவள் பிடித்திருந்த என் கையை மூன்று நாள் யாரையும் தொடவிடவில்லை. அதன் வழியாகத் துரை எனக்குள்ளும் வந்திருப்பானோ என்று பயம்.

அவளை வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். வந்ததும் தெளிந்துவிட்டாள். மறுநாள் கிளம்பலாம் என்று பேச்செடுத்தபோது மறுபடியும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. கிளம்பும் பேச்சு வராத நேரத்தில் அமைதியாக இருந்தாள். அவரைக்காய் உரித்தாள். எனக்குத் தலை பின்னினாள். பின்னுகிறபோது ஒருநாள் காதோரம் குனிந்து, "கல்லுகிட்ட நீ போவாத பாப்பா. அத யாரும் தொடக் கூடாது" என்றாள். சொன்னது அக்காவா, அவளுக்குள் இருக்கிற துரையா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா அவளை மஞ்சள் நீரில் குளிப்பாட்டினாள். நான் செம்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் முதுகில் நீளநீளமாகக் கருத்த தடிப்புகள். சில ஆறிப்போயிருந்தன. சில ஆறவில்லை. அம்மா கையில் தண்ணீரோடு அக்காவின் முகத்தைப் பார்த்தாள், அக்காவும் பார்த்தாள். பிறகு ஈரப் புடவையை இழுத்து மூடினாள்.

"என்னம்மா அது?"

"துரை அடிச்சது" என்றாள் அம்மா. "யார்கிட்டயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து துரையின் கையில் ஒரு சவுக்கும் இருந்தது.

அம்மாவே சொல்லி அனுப்பி, குந்தாரப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பூசாரி வந்தார். பனைமரம் மாதிரி உயரம், கழுத்தில் கருப்புக் கயிறு. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். அக்காவின் எதிரில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை உருட்டி, "உன் பேரு என்ன? பேரச் சொல்லு" என்று உறுமினார். அக்கா தலையை ஆட்டினாளே தவிரப் பேர் சொல்லவில்லை. பூசாரி அப்பாவிடம் வந்தார்.

"பேரு தெரிஞ்சா கூப்ட்டு வெரட்டிப்புடலாம். பேரு தெரியாத பேயிக்கு ரெண்டே வழிதான். ஒண்ணு, பங்குனி முடியற வரைக்கும் பொண்ணு கல்லத் தாண்டக் கூடாது. இல்லன்னா நெத்தியில சூடு போடணும்."

மாமியார் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இப்போது சிரித்தார். "பங்குனி வரைக்கும் எங்க ஊட்ல யாரு சாணி அள்ளுவாங்க? எல்லாம் நாடகம். ஒரு பரெ இழுத்தா சரியாப் போவும்." பரெ என்றால் அவர்கள் பக்கத்தில் சூடு. அக்காவின் புருஷன் வாசலில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பவே இல்லை. அப்பா யார் முகத்தையும் பார்க்காமல், "பூசாரி சொல்றபடி செய்யலாம்" என்றார். வெள்ளிக்கிழமை உச்சியில் என்று முடிவானது.

சூடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். முந்தின வருஷம் எங்கள் கன்றுக்குட்டிக்கு நோவு வந்தபோது போட்டார்கள். பழுத்த இரும்பு பட்டதும் எழுந்த அந்தச் 'சொய்' என்ற சத்தம், கருகிய மயிரின் நாற்றம், கன்று கத்தாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது எல்லாம் எனக்குள் இருந்தது. வியாழக்கிழமை முழுக்க நான் சோறு தின்னவில்லை. அக்காவின் நெற்றியைப் பார்ப்பேன், கன்றின் விலாவில் இன்னும் மயிர் முளைக்காத இடம் ஞாபகம் வரும்.

வெள்ளிக்கிழமை வாசலில் கரி மூட்டினார்கள். பூசாரி ஒரு பழைய களைக்கொத்தைக் கேட்டு வாங்கி நெருப்பில் செருகினார். பூசாரியோடு வந்தவர் உடுக்கை அடிக்க, ஊர் கூடிவிட்டது. அக்காவை மணை போட்டு உட்காரவைத்தார்கள். விரித்த கூந்தலும் நெற்றி நிறையக் குங்குமமுமாக அவள் ஆடிக்கொண்டிருந்தாள். பூசாரி மறுபடியும், "பேரச் சொல்லு! பேரு!" என்று கத்தினார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. துரையின் பேர் கல்லில் எழுதியிருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை. ஆனால் ஆள் இருந்தார். பொங்கலுக்கு முன்பிருந்தே சாலையில் ஜல்லி கொட்டி வேலை நடந்தது. அந்த வேலையைப் பார்க்க ஓவர்சியர் ஒருவர் தொப்பி வைத்துக்கொண்டு சைக்கிளில் வருவார். தெற்கத்திக்காரர். மத்தியானத்தில் சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து அடுக்குச் சட்டியைத் திறந்து சாப்பிடுவார். சட்டை போட்டுத் தொப்பியும் வைத்தவருக்கு இங்கிலீஷ் தெரியாமலா இருக்கும்?

கூட்டத்தின் கால்களுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்தேன். சரியான உச்சி. நிழல் காலடியிலேயே கிடந்தது. கையில் சோற்றுக்கூடைகூட இல்லை, துரைக்குக் கொடுக்க ஒரு கிள்ளுக் களி இல்லை. வண்டிப்பாதை முழுக்க அழுதுகொண்டே ஓடினேன். பாதை திரும்பியதும் கல் தெரிந்தது. கால் நின்றுவிட்டது. காற்று இல்லை. சாலையில் ஈ காக்கை இல்லை. கல் எனக்காகவே காத்திருப்பது மாதிரி இருந்தது. பின்னால் ஊருக்குள் உடுக்கைச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. அந்தச் சத்தம் நின்றுவிட்டால் இரும்பை எடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு, கல்லை உரசியபடி ஓடிப் புளியமரத்தடியில் போய் விழுந்தேன்.

ஓவர்சியர் மோர்ச்சோற்றுக் கையோடு என்னைத் தூக்கினார். "யாரும்மா நீ? பாம்பு கடிச்சிடுச்சா?"

"துரை பேரு என்னன்னு படிச்சுச் சொல்லுங்க சார். இல்லன்னா எங்கக்கா நெத்தியில சூடு போட்ருவாங்க."

அவருக்குப் புரிய மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். நல்ல மனுஷர். தார்ச்சட்டிப் பக்கத்தில் இருந்த மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துவந்து கல்லின் முகத்தை அழுத்தித் தேய்த்தார். குங்குமம் ரத்தம்போல ஒழுகியது. அவர் கையை எதுவும் பிடிக்கவில்லை. இன்னும் தேய்த்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் எழுத்தெழுத்தாகத் தடவிப் படித்தார். பிறகு சிரித்தார்.

"பாப்பா, இதுல பேரே இல்ல. இங்க யாரும் சாகவும் இல்ல."

அவர் சொன்னதை ஊருக்குத் திரும்பும்போது பாதி வழி வரைக்கும் நான் நம்பவில்லை. முன்னொரு காலத்தில் இதுதான் மைசூர் எல்லையாம். ஏதோ கோட்டையைப் பிடிக்கப் போன வெள்ளைக்காரப் பட்டாளம் இங்கே கூடாரம் போட்டிருந்ததாம். அவர்களுடைய கிறிஸ்துமஸ் பண்டிகை வந்ததாம். ஊர் பேர் தெரியாத காட்டில் ஆடு சுட்டுத் தின்று, பாட்டுப் பாடி, முதன்முதலில் இந்தச் சீமையில் அந்தப் பண்டிகையை இந்த இடத்தில் கொண்டாடினார்களாம். அதன் ஞாபகத்துக்குப் பின்னால் வந்த யாரோ கல் நட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டு ஊருக்கு மிதித்தார். உடுக்கை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. களைக்கொத்து சிவந்திருந்தது. பூசாரி அதைக் கையில் எடுத்துவிட்டார். ஓவர்சியர் சைக்கிளை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு, "நிறுத்துய்யா!" என்று போட்ட சத்தத்தில் உடுக்கைக்காரர் நிறுத்திவிட்டார். கல்லில் எழுதியிருந்ததை அவர் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். சட்டப்படி இது குற்றம், ஒரு பெண்பிள்ளைக்குச் சூடு போட்டால் போலீசுக்குச் சொல்லுவேன் என்றும் சொன்னார்.

கூட்டத்தில் ஒரு கிழவர், "அப்ப இத்தன வருசமா ஆடு தின்னுப்புட்டுப் போனவனுக்கா நாம களி வெச்சோம்?" என்றார். ஊரே சிரித்தது. சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. பூசாரி களைக்கொத்தைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, துண்டை உதறிக்கொண்டு போனார். "நான் அப்பவே சொன்னனே" என்றார் மாமியார். அப்பாவின் முகம் கருத்துவிட்டது. நாலு பேர் நடுவில் பெண் நாடகம் ஆடித் தலைகுனிய வைத்துவிட்டாள் என்கிற முகம்.

இது எதுவும் எனக்குப் பொருட்டில்லை. நான் அக்காவிடம் ஓடினேன். அவள் ஆட்டம் நின்றிருந்தது. "அக்கா, துரையே இல்லக்கா! அங்க யாருமே இல்ல! நான் கல்லுகிட்டயே போயிப் பாத்தேன்" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் கூந்தலை அள்ளி, நிதானமாக முறுக்கி, கொண்டை போட்டுக்கொண்டாள். எழுந்து உள்ளே போய்த் தன் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

சிரிக்காதவள் அம்மா ஒருத்திதான். கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். பரிசு வாங்கப்போகிற மாதிரி அவளிடம் போனேன். "உன்னை யாருடி கூப்ட்டா?" என்றாள். அதற்கப்புறம் நாலைந்து நாள் என்னோடு பேசவில்லை. தனியாக, உச்சி நேரத்தில் சாலைக்கு ஓடியதற்குக் கோபம் என்று எண்ணிக்கொண்டேன்.

எனக்கே இரண்டு குழந்தைகள் பிறந்த பிறகு ஒருநாள், கேட்காமலே அம்மா சொன்னாள். பூசாரியிடம் அவள் முன்பே ஆள் விட்டுப் பேசியிருந்தாளாம். இரும்பைப் பழுக்கவைப்பது சம்பந்தி வீட்டுக்குக் காட்டுவதற்கு. நெற்றிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், துரை இரும்புக்கு அடங்கமாட்டான் என்று சொல்லி எடுத்துவிடுவார். பங்குனி வரைக்கும் அக்கா எங்களோடு இருப்பாள். "பங்குனி போனா சித்திரன்னு சொல்லிக்கலாம். அதுக்குள்ள உங்கப்பனுக்கு அந்த முதுகக் காட்டித் தைரியம் வரவெச்சிருப்பேன்." அக்காவும் அம்மாவும் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லையாம். குளிப்பாட்டியபோது பார்த்துக்கொண்டதோடு சரி.

அக்கா சாகவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த இரண்டு பொங்கலுக்கு அவளை அனுப்பவில்லை. மூன்றாம் பொங்கலுக்குக் கைக்குழந்தையோடு வந்தாள். இடது காது கேட்காமல் போயிருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாமியார் போன பிறகு, பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்த பிறகு, அந்த வீட்டில் கொஞ்சம் நிம்மதியாக இருந்தாள். என்னிடம் கடைசிவரை பிரியமாகத்தான் இருந்தாள். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை, பனி விலகாத நேரத்தில் வண்டி கட்டினார்கள். அக்கா மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னை யாரும் வண்டியில் ஏற்றிக்கொள்ளவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். முதல் தடவையாக அந்தப் பாதையில் பயமில்லாமல் ஓடினேன். வண்டி சாலைக்கு ஏறுகிற திருப்பத்தில் மெதுவானபோது, முந்திக்கொண்டு போய்க் கல்லின் பக்கத்தில் நின்றேன். மஞ்சளும் குங்குமமும் போய் அது வெறும் கல்லாக இருந்தது, சில்லென்று பனி படர்ந்து. அக்காவுக்குக் கொஞ்சநஞ்சம் பயம் மீதி இருந்தால் அதுவும் போகட்டும் என்று, இரண்டு உள்ளங்கைகளையும் கல்லின்மேல் வைத்துத் தட்டினேன்.

"பாருக்கா! ஒண்ணுமே பண்ணல பாரு!"

வண்டி கல்லைத் தாண்டியது. அக்கா விழவில்லை, ரத்தம் கக்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, கல்லைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு போனாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பேய் விட்டுப் போனால் அப்படித்தான் அழுகை வரும் என்று ஊரில் சொல்லிக் கேட்டிருந்தேன். சந்தோஷமாகக் கையசைத்தேன். வண்டி பனிக்குள் மறையும் வரை அசைத்துக்கொண்டே இருந்தேன்.